பாட்டுக்கும் படத்துக்கும் ஒரு கட்டுச்சோறு

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்: "அப்பா, நெட் போச்சு!" நெட் போகட்டும் என்றுதானே மலைக்கே போகிறோம் என்பவர்கள் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடலாம். இரண்டு பிள்ளைகளையும் ஒரு மாமியாரையும் ஏற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் கார் ஓட்டுகிறவர்களுக்குத்தான் மீதிக் கட்டுரை.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி, அதோடு ஒரு எஸ்எஸ்டி, ஒரு பவர் பேங்க். மூன்றும் டேஷ்போர்டு பெட்டிக்குள் அடங்கிவிடும். கணினியே ஒரு வைஃபையைப் பரப்பும். காரில் இருப்பவர்கள் போனிலோ டேப்லெட்டிலோ அதில் இணைந்து பிரவுசரைத் திறந்தால் படங்களின் பட்டியல் வந்து நிற்கும். பாட்டி பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்ப்பார், பேரன் கார்ட்டூன் பார்ப்பான். இணையம் துளியும் வேண்டாம். எல்லார் போனிலும் ஏற்றிவிட்டால் போதாதா என்றால், ஒரே ஒரு போன் என்றால் போதும். நாலு போன் என்றால் ஒவ்வொன்றிலும் இடம் காலி செய்தே இரவு போய்விடும். ஓடிடி செயலிகளில் இறக்கிவைத்ததற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் மறுபடி நெட் கேட்கும்.

இதற்குப் பலரும் எடுப்பது 2019இல் வந்த ராஸ்ப்பெரி பை 4. அதில் ஓடும் மென்பொருள் ஜெல்லிஃபின். எம்பி என்ற மீடியா சர்வர் தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது இது. முழுக்க இலவசம், வெளியே எங்கும் கணக்குத் திறக்க வேண்டாம். ஆனால் வாங்கும் முன் ஒருமுறை பரணைப் பாருங்கள். திரை உடைந்த பழைய லேப்டாப் ஏதாவது கிடந்து, அதன் பேட்டரியும் தாங்கினால், அதைவிட நல்ல சர்வர் கிடையாது.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது படக் கோப்பில்தான். சர்வரில் இருக்கும் வீடியோ வடிவம் போனுக்குப் புரியவில்லை என்றால், சர்வர் அந்தக் கணமே அதை மாற்றி மாற்றி அனுப்பப் பார்க்கும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். குட்டிக் கணினிக்கு இது முதுகை ஒடிக்கும் வேலை. புதிய மாடலான பை 5இல் எச்.264 வீடியோவை உருவாக்கும் தனிச் சுற்றே கிடையாது. எல்லாச் சுமையும் பிராசஸரின் தலையில். படம் திக்கும், பெட்டி சுடும். கட்டுச்சோறு கட்டுகிறவர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. சமையலை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும்; வண்டியில் இந்தப் பெட்டிக்குப் பரிமாறும் வேலை மட்டும்தான்.

அதாவது, ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எல்லாப் படத்தையும் எச்.264 வீடியோ, ஏஏசி ஆடியோ, எம்பி4 கோப்பு என்று ஒரே அச்சுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எந்தப் போனும் முரண்டு பிடிக்காது. 5.1 ஒலியை இரண்டு சேனலாக்கும்போது வசனம் அமுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் இரைச்சலில் முதலில் காணாமல் போவது வசனம்தான். சப்டைட்டில் எஸ்ஆர்டி கோப்பாக இருக்கட்டும். ப்ளூரேயில் வரும் பட வடிவ சப்டைட்டில் என்றால் அதை வீடியோவுக்குள் பதிக்க சர்வர் மறுபடி டிரான்ஸ்கோடிங்கில் இறங்கிவிடும். நொடிக்கு 4 மெகாபிட் வைத்தால் இரண்டு மணி நேரப் படம் 3.6 ஜிபி. ஒரு டிபி எஸ்எஸ்டியில் 250 படத்துக்கு மேல் கொள்ளும். நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 16 மெகாபிட்தான். வைஃபைக்கு அது ஒரு பொருட்டில்லை. போஸ்டர், கதைச் சுருக்கம் எல்லாம் இணையத்திலிருந்து வருபவை என்பதால் அவற்றையும் வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

அடுத்த வில்லன் மின்சாரம். பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும். மலிவான கார் சார்ஜர்கள் இதில் திணறும், 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னழுத்தம் போதவில்லை என்று பை எச்சரிக்கும். டீ குடிக்க நிறுத்திச் சாவியைத் திருப்பினால் பல கார்களில் சாக்கெட்டும் செத்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மெமரி கார்டு பாழாகலாம். அதனால்தான் நடுவில் பவர் பேங்க். சார்ஜ் ஏறும்போதே வெளியேயும் கொடுக்கிற வகையாக அது இருக்க வேண்டும். சில வகைகள் வயரைப் பிடுங்கும் நொடியில் இமைப்பொழுது துண்டிக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். வீட்டிலேயே பிடுங்கிச் சொருகிப் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்டியோடு சேர்த்து 6 வாட் என்றால், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் தனியாகவே சுமார் பத்து மணி நேரம் தாங்கும்.

மெமரி கார்டை எழுத முடியாதபடி பூட்டிவைக்கும் ஓவர்லே வசதியும் பையில் உண்டு. நல்லதுதான், ஆனால் படத்தை எங்கே நிறுத்தினோம் என்பதை ஜெல்லிஃபின் ஒவ்வொரு முறையும் மறந்துவிடும். அதன் தரவுக் கோப்புறையை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் சரியாகும். சுழலும் ஹார்டு டிஸ்க் பக்கம் போகவே வேண்டாம். நம் சாலைப் பள்ளங்களுக்கு அது தாங்காது. சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் எதையும் விட்டுப்போகவும் கூடாது, முக்கியமாகப் பவர் பேங்க்கை.

இணைந்ததும் போன், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று மொபைல் டேட்டாவுக்குத் தாவப் பார்க்கும். டேட்டாவை அணைத்துவிட்டால் அடங்கிவிடும். புதிய பை இயங்குதளத்தில் ஹாட்ஸ்பாட் போட்டால் முகவரி வழக்கமாக 10.42.0.1, ஜெல்லிஃபினின் கதவு எண் 8096. ஒரு சீட்டில் எழுதிச் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஓட்டிக்கொண்டிருக்கும்போது நாலு முறை கேட்பார்கள்.

வளைவுகள் தொடங்கியதும் வீடியோவுக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள். குனிந்து திரையைப் பார்க்கும் பிள்ளைக்கு மூன்றாவது வளைவிலேயே குமட்டும். இளையராஜா பாட்டுகளையும் ஒலிக் கதைகளையும் தனியாக ஒரு கோப்புறையில் ஏற்றிவைப்பது இதற்காகத்தான். ஜெல்லிஃபின் பாட்டும் பாடும்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் இதே பெட்டியை டிவியில் சொருகலாம். பையில் கோடி மென்பொருளையும் போட்டுவைத்தால் போனே ரிமோட். ஆனால் பை 4இல் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. அந்த கேபிளை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாக; லாட்ஜ் டிவியைச் சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பார்கள், துவாரம் பின்பக்கம் எங்கேயோ இருக்கும்.