விரதம் முடிந்த மறுநாள்

தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு 48 நாள் விரதம் இருப்பவர்களில், ஆண்டு முழுவதும் குடிப்பவர்களும் உண்டு. ஈப்போ கல்லுமலையில் காவடி இறக்கும்வரை ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார்கள். இறக்கிய சில நாட்களில் பழைய கூட்டாளிகளோடு பழைய இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "மனசு வெச்சா முடியும், இவன் வெக்கல" என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி. அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. வீட்டில் சைவச் சமையல், பொழுது சாய்ந்தால் கோயில், கூடவே விரதமிருக்கும் நாலு பேர். ஊற்றிக் கொடுப்பவனே "விரதமாண்ணே, வேணாம்" என்று விலகிப் போகிறான். மனவுறுதியை இந்த ஏற்பாடுதான் தாங்கிப் பிடித்தது. விரதம் முடிந்ததும் அது கலைகிறது, குடி திரும்புகிறது. குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் கூட்டம், அந்த ஏற்பாட்டை ஆண்டு முழுக்கக் கலையவிடாமல் வைத்திருக்கும் வழி. பேராக்கின் சித்தியவான் போன்ற ஊருக்கு அது வேண்டும், தமிழில் வேண்டும்.

இந்தக் கூட்டங்களின் மூலவடிவம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது. இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். தன் கதையை இன்னொரு குடிகாரரிடம் சொன்னபோது தனக்கே குடிக்கும் வெறி தணிந்ததை வில்சன் கண்டார். இயக்கம் முழுவதும் அந்த அனுபவத்தின்மேல்தான் நிற்கிறது. கட்டணம் கிடையாது, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. வெறும் பேச்சு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு பதில் வைத்திருக்கிறது. 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் ஆராய்ந்த அது, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், இக்கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாகச் சொன்னது. எல்லாருக்கும் பலித்தது என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

குடிக்கு எதிராக ஒன்றுசேர்வது நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947-இல் காவல்துறையோடு மோதல் வரை போனது. அந்த வீரத்தை மதிக்கிறேன். ஆனால் அது கடையோடு நடந்த போர். கடை போனாலும் குடிப்பவர் இருந்தார். கள் போய்ச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. ரப்பர் வெட்டிச் செம்பனை வைத்து, தோட்டம் விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, தட்டிக் கேட்கும் லயத்து உறவுகள் சிதறின; போத்தல் மட்டும் கூடவே வந்தது.

சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், கூட்டத்துக்குப் போனால் மானம் போகாதா என்பது நியாயமான கேள்வி. ஈப்போ பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இருப்பதாலேயே, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லி ஒருவரைப் பைத்தியம் என்று கேலி செய்யப் பழகிய மாநிலம் இது. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டும்: நடுத்தெருவில் விழுந்து கிடந்தவரின் குடி ஊருக்குத் தெரியாத ரகசியமா? கூட்டத்தில் முழுப்பெயர் கேட்பதில்லை; அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது விதி. வெட்கம் பெரிதாக இருப்பவர் முதலில் இணையவழிக் கூட்டத்தில் சேரலாம், அல்லது பக்கத்து ஊருக்குப் போகலாம். இது கிறிஸ்துவ விஷயம் என்ற தயக்கமும் உண்டு. அதன் பிறப்பில் கிறிஸ்துவச் சாயல் இருந்தது உண்மை. ஆனால் இந்த இயக்கம் நம்பச் சொல்லும் மேலான சக்தியை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்று 1939-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். முருகனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் எழுப்பிவிடப் போவதில்லை.

கூட்டம் மருத்துவத்துக்கு மாற்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கலாம், வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரும் போகலாம். அப்படிப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனை. உடல் தேறி வீடு திரும்பிய பிறகுதான் கூட்டத்தின் வேலை தொடங்குகிறது. குடிப்பவர்களின் மனைவிமார்களுக்கும் தனிக்கூட்டம் வேண்டும் என்பதை இந்த இயக்கம் சீக்கிரமே உணர்ந்தது. குடும்பத்தாருக்கான அல்-அனான் 1951-இல் உருவானது. நம் வீடுகளில் அடியும் கடனும் சுமப்பவர்களுக்கு அது இன்னும் அவசரம்.

நகரத்தில் நடக்கும் கூட்டங்கள் போதாதா என்றால், போதாது. கோலாலம்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் செம்பனைத் தோட்டத்துக்காரர் வாய்திறக்க மாட்டார். சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. குடிமீட்பு மருத்துவமனை, 1989-இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடிக்கே போய் முகாம் நடத்தியது. சிகிச்சைதான் கிராமத்துக்குப் போனது. கிராமத்தைச் சென்னைக்கு வரச் சொல்லவில்லை. இங்கே அத்தனை செலவுகூட வேண்டாம். குடியை விட்ட ஒருவர், விட நினைக்கும் ஒருவர், ஓர் அறை. சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள்: வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு மணி நேரம் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள். வருகிறவர் பெயரைக் கேட்காதீர்கள்.