கவுன்சிலிங் பட்டியல்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தயாரிக்கலாம்

வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகனோ மகளோ இருக்கிறார்களா? புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டரால் உங்களுக்குக் கிடைக்கக் கூடிய மிகப் பெரிய பயன் ஒன்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கிற்கான விருப்பப் பட்டியலைத் தயாரிப்பதுதான் அது. இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் அறிவு தேவையில்லை. எக்செல் போதும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

நான் 2015-இல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது கவுன்சிலிங்கிற்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற்கு நேரில் போக வேண்டும். நானும் அப்பாவும் இரவு பஸ் பிடித்துப் போனோம். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மீதி இருக்கிறது என்று பெரிய திரையில் ஓடிக் கொண்டிருக்கும். அதைப் பார்த்து, நம் முறை வரும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். 2018 முதல் எல்லாமே ஆன்லைன். இப்போது திரை கிடையாது. எது மீதி இருக்கும் என்று தெரியாமலேயே உங்கள் விருப்பங்களை வரிசைப்படுத்தி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஆகவே பட்டியலின் வரிசைதான் சீட்டைத் தீர்மானிக்கிறது.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நடந்தது

2023-இல் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணின் பட்டியலை ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்தார்கள். "நிச்சயம் கிடைக்கிற காலேஜை முதலில் போடுங்க சார், அப்பதான் சீட் உறுதி" என்று அங்கிருந்தவர் சொல்ல, அவள் அப்பாவும் சரியென்று தலையாட்டிவிட்டார். அவள் மிகவும் விரும்பிய கல்லூரி ஐந்தாவது இடத்திற்குப் போனது. முடிவு வந்தது. முதலில் போட்ட கல்லூரியே கிடைத்தது. "அண்ணா, நான் அஞ்சாவதா போட்ட காலேஜ் என்னைவிடக் கம்மி கட்-ஆஃப் வாங்கின என் ஃபிரண்டுக்குக் கிடைச்சிருக்கு" என்று வந்து நின்றாள். கம்ப்யூட்டர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர்கள் கொடுத்த வரிசையை அப்படியே பின்பற்றியது.

கம்ப்யூட்டர் எப்படி சீட் ஒதுக்குகிறது?

இதைப் புரிந்து கொண்டால் பாதி வேலை முடிந்தது. கம்ப்யூட்டர் தரவரிசையில் முதலில் உள்ள மாணவரை எடுக்கும். அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். எந்த விருப்பத்தில் அவருக்குரிய இடம் காலியாக இருக்கிறதோ, அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். கீழே உள்ளவற்றைப் பார்க்கவே பார்க்காது. பிறகுதான் அடுத்த மாணவருக்குப் போகும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன.

ஒன்று: கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை. அது இல்லையென்றால் கம்ப்யூட்டர் இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவதை. உங்கள் பட்டியல் முழுவதையும் பார்த்து முடிக்கும் வரை உங்களுக்குப் பின்னால் இருப்பவரிடம் அது போகாது.

இரண்டு: நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போட்டால் அதற்குக் கீழே எழுதிய எல்லாமே வீண். ஒதுக்கீடு வந்த பிறகு "ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மேலே உள்ள விருப்பம் காலியானால் மாறிக்கொள்கிறேன்" என்று சொல்லவும் ஒரு வசதி இருக்கிறது. அந்த வசதியும் பட்டியலில் மேலே இருப்பவற்றுக்கு மட்டும்தான். கிடைத்ததே முதல் விருப்பம் என்றால் மேலே போக என்ன இருக்கிறது?

முதலில் கட்-ஆஃப்

2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக மொத்தம் 200.

எக்செல்லைத் திறந்து ஒரு வரிசையில் மூன்று செல்களில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை டைப் செய்யுங்கள். நான்காவது செல்லில் சமக்குறி (=) போடுங்கள். கணித மதிப்பெண் உள்ள செல்லைக் கிளிக் செய்து + போடுங்கள். இயற்பியல் செல்லைக் கிளிக் செய்து /2+ என்று டைப் செய்யுங்கள். வேதியியல் செல்லைக் கிளிக் செய்து /2 என்று டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். 94, 88, 90 என்று கொடுத்திருந்தால் 94+44+45, அதாவது 183 என்று விடை வரும்.

ரிசல்ட் வரும் முன்பே இதைச் செய்து பார்க்கலாம். இயற்பியலில் இரண்டு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஒன்றுதான் கூடும். கணிதத்தில் இரண்டு கூடினால் இரண்டுமே கூடும். எதில் அதிக நேரம் உழைப்பது என்று பிள்ளைக்குத் தானாகவே புரியும்.

இப்போது பட்டியல்

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: விருப்ப எண், கல்லூரிக் குறியீடு, கல்லூரிப் பெயர், ஊர், பாடப்பிரிவு, சென்ற ஆண்டு கட்-ஆஃப், வித்தியாசம், குறிப்பு.

கல்லூரிக் குறியீட்டைக் கட்டாயம் எழுதுங்கள். பெயர்கள் ஏமாற்றும். கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் குறியீடு 2005, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரிக்கு 2006, கோயம்புத்தூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்கு 2007. மூன்றும் ஒரே ஊர், பெயர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அவசரத்தில் ஒன்றை நினைத்து இன்னொன்றைக் கிளிக் செய்துவிட வாய்ப்பு அதிகம்.

சென்ற ஆண்டு கட்-ஆஃபை எடுக்கும்போது உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவின் எண்ணை எடுங்கள். மற்ற பிரிவினருக்குப் பொதுப் பிரிவு இடமும் கிடைக்கலாம் என்பதால் அதையும் ஒரு முறை பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. தகுதி இருந்தால் அதைத் தவற விடாதீர்கள்.

வித்தியாசம் என்ற தலைப்பின் கீழ் முதல் செல்லில் =183- என்று டைப் செய்து, அதே வரிசையில் உள்ள சென்ற ஆண்டு கட்-ஆஃப் செல்லைக் கிளிக் செய்து என்டர் அழுத்துங்கள். (183 இருக்கும் இடத்தில் உங்கள் கட்-ஆஃப் வர வேண்டும்.) பிறகு அந்த செல்லைத் தேர்வு செய்தால் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். எல்லா வரிசைகளுக்கும் கணக்கு வந்துவிடும். மைனஸில் இருப்பவை எட்டிப் பிடிக்க வேண்டியவை, பூஜ்யத்திற்கு அருகில் இருப்பவை வாய்ப்புள்ளவை, ஐந்து பத்து என்று இருப்பவை அநேகமாகக் கிடைக்கக் கூடியவை. மூன்று வகையும் பட்டியலில் இருக்க வேண்டும். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பட்டியல் சிறியதாக இருந்தால் ஒன்றுமே கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படலாம்.

ஒரு எச்சரிக்கை. கேள்வித்தாள் எளிதாக இருந்த ஆண்டில் எல்லோருடைய கட்-ஆஃபும் ஏறும். எனவே தரவரிசை வெளியானதும், உங்கள் தரவரிசை எண்ணைச் சென்ற ஆண்டு கடைசியாக அந்த இடம் பெற்றவரின் தரவரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கட்-ஆஃபை விட நம்பகமானது.

வரிசைப்படுத்துவது பிள்ளையின் வேலை

வித்தியாசத்தை வைத்துப் பட்டியலை அடுக்கிவிடாதீர்கள். அது நிலவரம் தெரிந்து கொள்ள மட்டுமே. "இந்த இரண்டுமே கிடைத்தால் எதில் சேருவாய்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பாடப்பிரிவா, கல்லூரியா, ஹாஸ்டலா, வீட்டிலிருந்து போய் வருவதா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். காரணத்தைக் குறிப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள். அந்தப் பதிலை வைத்து விருப்ப எண்ணைப் போடுங்கள். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒன்றைச் செருக வேண்டுமா? 3.5 என்று கொடுங்கள். சார்ட் செய்தால் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

சார்ட் செய்யும்போதுதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். விருப்ப எண் உள்ள பகுதியை மட்டும் தேர்வு செய்து சார்ட் கொடுத்தால், எண்கள் மட்டும் இடம் மாறும். கல்லூரிகள் அப்படியே இருக்கும். பட்டியல் முழுவதும் குழம்பிவிடும். எக்செல் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை காட்டும். அதில் 'எக்ஸ்பாண்ட் த செலக்ஷன்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். கால்க்கில் 'எக்ஸ்டெண்ட் செலக்ஷன்' என்று கேட்கும். தவறிவிட்டால் உடனே கண்ட்ரோல் கீயுடன் இசட் அழுத்துங்கள். பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பதிவு செய்யும் நாளில்

பட்டியலை பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். இணையதள முகவரி: டி என் இ ஏ ஆன்லைன் டாட் ஓ ஆர் ஜி. இடைவெளி இல்லாமல் டைப் செய்ய வேண்டும். இதே போன்ற பெயரில் வேறு தளங்கள் இருந்தால் ஏமாற வேண்டாம். ஒருவர் குறியீட்டை வாசிக்க, இன்னொருவர் திரையில் சரிபார்க்கட்டும். கொடுத்த கெடு முடிந்ததும் பட்டியல் பூட்டப்பட்டுவிடும். பிறகு ஒரு எண்ணைக் கூட மாற்ற முடியாது.

பதிவுக்கு உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் இமெயில் முகவரியையும் மட்டுமே கொடுங்கள். ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ஒதுக்கீடு வந்த பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் கை நழுவிவிடும். அந்த நேரத்தில் பாஸ்வேர்டுக்காகப் பிரவுசிங் சென்டர் வாசலில் காத்திருக்கக் கூடாது. வீட்டில் வசதி இல்லாதவர்கள் அரசின் கவுன்சிலிங் சேவை மையங்களுக்குப் போகலாம். அங்கே போவதானாலும் பட்டியலை வீட்டில் தயாரித்து எடுத்துக் கொண்டே போங்கள்.

எதிர் வீட்டுப் பெண்ணின் தம்பி இந்த ஆண்டு பிளஸ் டூ. அவன் பட்டியலின் முதல் வரியில் மைனஸ் நான்கு இருக்கிறது. "இருக்கட்டும், விடு" என்று அவன் அப்பாவே சொல்லிவிட்டார்.