நீராவிக்கு அசராத படிகம்

சிமென்ட் ஆலைப் புகைபோக்கியில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பங்கு எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக் கல்லிலிருந்தே வருகிறது. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாகப் போய்விடும். நிலக்கரியை ஒதுக்கிவிட்டுச் சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் அந்த 44 கிலோவில் ஒரு கிராம்கூடக் குறையாது. அரியலூர் சூளைக்கும் இதே கணக்குத்தான், கனடாவின் சூளைக்கும் இதே கணக்குத்தான். உலகம் சிமென்ட்டை விடப்போவதில்லை என்றால், அந்த வாயுவைப் புகைபோக்கியிலேயே மடக்கிப் பிடிக்கும் பொருள் ஒன்று வேண்டும். மலிவாக இருக்க வேண்டும், டன் கணக்கில் கிடைக்க வேண்டும், வருடக்கணக்கில் உழைக்க வேண்டும்.

2025 அக்டோபர் 8 அன்று அறிவிக்கப்பட்ட வேதியியல் நோபல் பரிசு இந்தத் தேடலோடு நேரடியாகத் தொடர்புடையது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சுசுமு கிடகாவா, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ராப்சன், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் உலோகக் கரிமச் சட்டகங்களை உருவாக்கியதற்காகப் பரிசு கிடைத்தது. ஆய்வாளர்கள் இவற்றைச் சுருக்கமாக 'மாஃப்' என்பார்கள். கட்டடத்துக்குப் போடும் சாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முடிச்சு விழும் இடங்களில் உலோக அணுக்கள், கம்புகளின் இடத்தில் கரிம மூலக்கூறுகள், நடுவே எங்கும் வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குள் வாயு மூலக்கூறுகள் வந்து தங்கும்.

இந்த எண்ணம் பிறந்தது ஒரு பாடம் நடத்தும் வேலையில். 1974-இல் ராப்சன் முதலாண்டு மாணவர்களுக்காக மரப்பந்துகளையும் குச்சிகளையும் கொண்டு மூலக்கூறு மாதிரிகள் செய்ய வேண்டியிருந்தது. பட்டறையில் பந்துகளில் துளை போடுவதற்கு முன், எந்த அணுவுக்கு எத்தனை துளை, எந்தக் கோணத்தில் என்று அவர் குறித்துக் கொடுத்தாக வேண்டும். துளைகள் சரியாக விழுந்த பந்துகளைக் கோக்கத் தொடங்கியதும் மூலக்கூறின் வடிவம் தானாகவே அமைந்தது. அந்த வடிவம் முழுவதும் துளைகளின் இடத்திலேயே அடங்கியிருந்தது. உண்மையான அணுக்களையும் இப்படியே கோக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. அதைச் செய்து காட்டப் பத்து வருடத்துக்கும் மேல் ஆனது. தாமிர அயனிகளையும் நான்கு கைகள் கொண்ட ஒரு மூலக்கூறையும் சேர்த்து, வைரத்தின் அமைப்பில், ஆனால் உள்ளே பெரும் குழிகளோடு ஒரு படிகத்தை வளர்த்து 1989-இல் வெளியிட்டார்.

அந்தப் படிகங்கள் லேசில் உடைந்துவிடும். கிடகாவா 1997-இல் கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றைக் கொண்டு, வாயு உள்ளே போய்த் திரும்பினாலும் குலையாத சட்டகங்களைச் செய்தார். அதற்கு முன் அவர் ஆய்வு நிதி கேட்டபோது, ஏற்கெனவே சியோலைட்டுகள் என்ற நுண்துளைக் கனிமங்கள் இருக்கையில் இது எதற்கு என்று கைவிரித்தார்கள். யாகி 1999-இல் துத்தநாகத்தையும் டெரிப்தாலிக் அமிலத்தையும் கொண்டு மாஃப்-5 என்ற சட்டகத்தைக் கட்டினார். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளாகப் போகிற அதே அமிலம்தான். உள்ளிருந்த கரைப்பானை எல்லாம் வெளியேற்றி, 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கியும் சட்டகம் நின்றது.

அதன்பிறகு தொடங்கியது பரப்பளவுப் போட்டி. 2012-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் செய்த ஒரு சட்டகத்தில், ஒரு கிராம் தூளின் உட்புறப் பரப்பு 7,000 சதுர மீட்டரைத் தாண்டியது. நம் கணக்கில் ஒன்றே முக்கால் ஏக்கர். பரிசுச் செய்திகளிலும் இத்தகைய எண்களே தலைப்பைப் பிடித்தன. வியக்க வேண்டிய எண்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சட்டகம் சிமென்ட் ஆலையில் ஒரு வாரம் தாங்குமா என்பதை இந்த எண்கள் சொல்லாது.

பல சட்டகங்கள் தாங்குவதில்லை; காரணம் தண்ணீர். மாஃப்-5 தூளை ஈரக் காற்றில் வைத்தால், நீர் மூலக்கூறு துத்தநாகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பில் நுழைந்து கரிம மூலக்கூறைத் தள்ளிவிடும். முடிச்சு அவிழும், குழிகள் சரியும், பரப்பு குறையும். மக்னீசியம் கொண்டு செய்த இன்னொரு சட்டகம் உலர்ந்த நிலையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிப்பதில் சாதனை படைத்தது. ஈரத்தைக் காட்டியதும் அந்தத் திறனில் பெரும்பகுதியை இழந்தது. ஆலைப் புகையிலோ ஈரம் எப்போதும் உண்டு. கூடவே கந்தக ஆக்சைடுகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், தூசு.

இந்த இடத்தில்தான் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசுவின் குழு உருவாக்கிய கால்ஃப்-20 வருகிறது. 2021 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. துத்தநாகமும் டிரையசோலும் சேர்ந்து அடுக்கடுக்கான தாள்களாகின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஆக்சலேட் தூணாக நிற்கிறது. எல்லாமே கடையில் வாங்கக்கூடிய சரக்கு. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அளவில் இது அந்த மக்னீசியம் சட்டகத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் வரை இருந்தாலும் இது தண்ணீரைவிடக் கார்பன் டை ஆக்சைடையே முந்திப் பிடிக்கிறது. இங்கே வாயு வேதிப் பிணைப்பால் கட்டுண்டு கிடப்பதில்லை. குழியில் ஒட்டி இருக்கிறது, அவ்வளவே. அதனால் அதை மீட்டெடுக்க ஆகும் வெப்பச் செலவு குறைவு. இதே வேலைக்குப் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் அமீன் கரைசல் முறையிலோ, கரைசலில் உள்ள தண்ணீரையும் சேர்த்துச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கித்தான் வாயுவைப் பிரிக்க முடியும்.

அந்த 'சயின்ஸ்' கட்டுரையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த எண் வேறொன்று: 4,50,000. அத்தனை முறை நீராவியைச் செலுத்தியும் கால்ஃப்-20 குலையவில்லை. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் பத்து மாதத்துக்கும் மேல் இரவு பகலாக ஓடிய ஓட்டம் அது. இயற்கை எரிவாயு எரிந்த புகையையும் அமில ஈரத்தையும் நேரடியாகக் காட்டியும் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு எண்ணும் அதே தாளில் இருக்கிறது: ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள கலனில் ஒரு நாளைக்கு 550 கிலோ வரை தயாரிக்கலாம். கிராம் கணக்கில் புட்டியில் அடைத்து வைத்த துறைக்கு இது புதிய பேச்சு. வான்கூவர் பகுதியைச் சேர்ந்த ஸ்வான்டே நிறுவனம் இந்தத் தூளைத் தாள்களில் பூசி வடிகட்டிகளாக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிச்மண்டில் உள்ள லஃபார்ஜ் சிமென்ட் ஆலையின் புகையில் அது சோதிக்கப்பட்டது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம் ஆண்டுக்குச் சில நூறு டன் உற்பத்தி செய்யும் நிலைக்கு வந்துவிட்டதாக 2023-இல் அறிவித்தது.

நீராவியைப் பல லட்சம் தடவை செலுத்தி, ஒவ்வொரு கட்டத்திலும் எடை பார்த்து, எக்ஸ்-கதிர் எடுத்து, மறுபடி செலுத்தும் வேலைக்குப் பெரிய பரிசு எதுவும் வருவதில்லை. வேதிப் பொறியாளர்களின் அந்த உழைப்பு இல்லாவிட்டால் மூவரின் கண்டுபிடிப்பும் ஆய்வகத் தட்டிலேயே இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லா இடத்திலும் தண்ணீர் எதிரி அல்ல. அம்மானில் பாலஸ்தீன அகதிக் குடும்பத்தில், குழாய்த் தண்ணீர் இல்லாத ஓர் அறை வீட்டில் வளர்ந்தவர் யாகி. அவருடைய குழு அலுமினியத்தைக் கொண்டு செய்த மாஃப்-303 இரவில் பாலைவனக் காற்றின் சொற்ப ஈரத்தை உறிஞ்சும். பகல் வெயிலில் அதை விட்டுவிடும். மொஹாவே பாலைவனத்திலும் டெத் வேலியிலும் அப்படிக் குடிநீர் எடுத்துக் காட்டினார்கள். இன்னொரு பக்கம், சிப் தயாரிப்பில் பயன்படும் ஆர்சைன், பாஸ்பைன் போன்ற கொடிய நச்சு வாயுக்களை அமெரிக்காவின் நுமாட் நிறுவனம் சட்டகங்கள் நிரப்பிய சிலிண்டர்களில் அடைக்கிறது. உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவு என்பதால், வால்வு கசிந்தாலும் வாயு சீறிக்கொண்டு வெளியே வராது. பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அது உயிர்க்காப்பு.

2024 அக்டோபரில் யாகியின் குழு, உலோகமே இல்லாத கரிமச் சட்டகம் ஒன்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. பெயர் காஃப்-999. புகைபோக்கியை விட்டுவிட்டு, கார்பன் டை ஆக்சைடு மிக மெல்லியதாகக் கலந்திருக்கும் திறந்தவெளிக் காற்றிலிருந்தே அதைப் பிடிக்கிறது. மீட்டெடுக்க 60 டிகிரிச் சூடு போதும். பெர்க்லியின் காற்றில் 100 சுற்றுகள் ஓட்டியும் திறன் குறையவில்லை என்கிறார்கள். நல்ல தொடக்கம். கால்ஃப்-20 கடந்து வந்த தூரத்தோடு வைத்துப் பார்த்தால் இது முதல் படி. அடுத்த ஆய்வுத்தாளில் கூடுதல் பரப்பளவு எனக்கு வேண்டாம். பத்தாயிரம் சுற்று, பிறகு லட்சம் சுற்று, மழைக்காலத்தில், நகரத்துப் புகைக்கு நடுவில் ஓட்டிய முடிவுகள் வேண்டும்; ஒரு டன் செய்ய என்ன செலவு என்ற கணக்கும் கூடவே வேண்டும்.