அரிப்பு முத்தா? யப்பான் முத்தா?

அருவியாறு கடலோடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே, முசலிப் பிரிவின் கரையோரமாக அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் அமைந்திருக்கின்றன. இவ்வூர்ப் பெயர்களைக் கேட்டவுடன் முத்தை நினையாதார் நம்முள் அரியர். உலகெங்கும் புகழ்பெற்ற மன்னார் முத்து, இக்கரைக்கு எதிரேயுள்ள கடலடிப் பார்களில் விளைந்ததாகும். இன்று அங்கே சலாபம் இல்லை. சலாபத்தின் புகழ் மட்டும் மறையவில்லை. பாட்டியார் வைத்துச் சென்ற நகைப்பேழையில் ஒரு முத்துமாலை இருக்கக் கண்டால், "இது மன்னார் முத்து" என்று சொல்லிவிடுவது நம் குடும்பங்களில் வழக்கம்.

சொல்வது எளிது. ஆனால், அவ்வாறு சொல்லப்படும் முத்துக்களுள் முசலிக் கடலை ஒருநாளும் கண்டிராதவையும் உண்டு. அவை யப்பான் நாட்டுக் குடாக்களில், மனிதன் கைபட்டு வளர்ந்தவை. வேறு சில முத்தே அல்ல. வெறுங் கண்ணாடி மணிகள். மகளின் திருமணத்துக்காகவோ பிள்ளையின் படிப்புக்காகவோ மாலையை விற்கச் செல்லும் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. இயற்கை முத்தை அறியாமல் வளர்ப்பு முத்தின் விலைக்குக் கொடுப்பதும் நட்டம். வளர்ப்பு முத்தை இயற்கை முத்தென நம்பிப் பெருவிலைக்கு வாங்குவதும் நட்டம். ஆகவே இவற்றைப் பிரித்தறியும் வழிகளை இங்கே நோக்குவோம்.

சலாபம் கண்ட கரை

இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதியான பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பு நடைபெறும் காலத்தில் தங்குவதற்கென அரிப்பில் ஒரு மாளிகையை எழுப்பினார். 1801க்கும் 1804க்கும் இடையே கட்டப்பட்ட அந்த 'டொறிக்' மாளிகையின் இடிபாடுகளைக் கடல் சிறிது சிறிதாக அரித்து வருகிறது.

சலாபக் காலம் வந்தால் வெறும் மணலில் ஓலைக் குடிசைகளாலான ஒரு நகரமே எழும். தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்தெல்லாம் சுழியோடிகள் வந்து கூடுவர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுபவர் எனக் கருதப்பட்ட 'கடல்கட்டி' இல்லாமல் அவர்கள் கடலில் இறங்கமாட்டார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு; ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின; அரசாங்கம் ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா வருவாய் பெற்றது.

அடுத்த ஆண்டே, 1906இல், இலண்டனில் அமைந்த ஒரு கம்பனி ஆண்டுக்கு 3,10,000 ரூபா வீதம் இருபதாண்டுக் குத்தகைக்குப் பார்களை எடுத்தது. ஆனால் 1907க்குப் பின்னர் பார்களில் முதிர்ந்த சிப்பி கிடைக்கவில்லை. 1912இல் கம்பனி கலைந்தது. 1925இல் மீண்டும் சலாபம் நடந்தபோதிலும் பழைய பெருவாழ்வு திரும்பவில்லை. முசலியின் சலாபத்தை யப்பான் முத்தே அழித்ததென்று கூறுவாருமுளர். யப்பானின் உருண்டை முத்து உலகச் சந்தைக்கு வருமுன்னரே இங்குள்ள பார்கள் வறண்டுவிட்டன என்பதே வரலாறு.

யப்பானிற் பிறந்த புதுமை

மிக்கிமோட்டோ கோக்கிச்சி (1858–1954) என்பவர் 1893ஆம் ஆண்டில், சிப்பியின் ஓட்டோடு ஒட்டிய அரைமுத்துக்களை வளர்ப்பதில் வெற்றி கண்டார். முழு உருண்டை முத்தை வளர்க்கும் முறையை நிஷிகாவா, மிசே என்னும் வேறிரு யப்பானியர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்தனர். அம்முறை பின்வருமாறு: நன்னீர்ச் சிப்பியின் தடித்த ஓட்டிலிருந்து கடைந்த ஒரு சிறு மணியையும், மற்றொரு சிப்பியின் மென்மூடித் தசைத் துண்டையும், உயிருள்ள சிப்பியின் உடலுட் செருகிவிடுவர். அத்தசை வளர்ந்து மணியைப் பை போலச் சூழ்ந்து, அதன்மேல் முத்துப் படலத்தைச் சுரக்கும். இரண்டோர் ஆண்டிற் பார்த்தால், உள்ளே மணியும் வெளியே முத்துமாக ஓர் உருண்டை அமைந்திருக்கும்.

1921ஆம் ஆண்டளவில் இவை இலண்டன் சந்தையில் இயற்கை முத்தோடு முத்தாக விற்கப்பட்டமை தெரியவந்தது. ஆயுட்காலமெல்லாம் முத்தையே நோக்கிப் பழகிய வணிகர்களாலும் கண்ணால் வேறுபாடு காண முடியவில்லை.

காரணம் யாதெனின், அங்கே மேலே படிந்திருப்பது மெய்யான முத்துப் படலமே. அதிலும் மன்னார்ப் பார்களில் வாழும் சிப்பியும் யப்பானியர் 'அக்கோயா' என அழைக்கும் சிப்பியும் நெருங்கிய உறவினம். எனவே நீரோட்டத்திலும் நிறத்திலும் இரண்டும் உடன்பிறந்தவர் போல் தோன்றுகின்றன. வேறுபாடு முழுவதும் உள்ளேதான். இயற்கை முத்தை வெட்டினால், வெங்காயம் போல நடுவரையும் வட்டம் வட்டமான படலங்கள் தெரியும். வளர்ப்பு முத்திலோ, பெரும்பகுதி நேர்நேரான அடுக்குகளையுடைய ஓட்டுமணி. அதன்மேல் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த படலம்.

வீட்டில் அறியக்கூடியவை

முதலிற் கண்ணாடி முத்தை விலக்கிவிடுவோம். மீன்செதிலின் பளபளப்பைக் குழம்பாக்கிக் கண்ணாடி மணியில் ஏற்றும் கலை பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் தோன்றியது. பின்னர் யப்பானும் இத்தகைய மணிகளைச் செய்து ஏற்றுமதி செய்தது. முத்தை முன்பல்லின் விளிம்பில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மெய்யான முத்துப் படலமாயின் நுண்மணல் போன்ற உராய்வு தெரியும். கண்ணாடியாயின் வழுவழுவென்று வழுக்கும். துளையின் விளிம்பில் பூச்சு உரிந்து உள்ளே கண்ணாடி மினுங்கினாலும் ஐயமில்லை. ஆனால் இச்சோதனை இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் பிரித்துக் காட்டாது. இரண்டும் ஒன்றுபோலவே உராயும்.

அடுத்து, மாலையின் அமைப்பைப் பாருங்கள். மன்னார் முத்துக்களை, இருபது துளைகள் உடையது முதல் ஆயிரம் துளைகள் உடையது வரையான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுத் தரம் பிரித்தனர். பெரியவை மிகச் சிலவே, பெரும்பாலானவை சிறியவை. முழு உருண்டையும் குறையற்ற ஒளியும் உடைய 'ஆணி' முத்து மிக அரிது. ஆதலால் ஐம்பது அறுபது பெரிய முத்துக்கள் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவாக இருக்குமாயின், அம்மாலை வளர்ப்பு முத்தாக இருத்தல் கூடும். சிறிதும் பெரிதுமாய், சற்றுக் கோணலாய், பாலாடை நிறம் பலவாறாய் இருப்பின் உடனே குறைவாக மதித்துவிடாதீர்கள்.

மூன்றாவதாக, துளையை நோக்குங்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் போதும். துளையின் வாயருகே, வெளிப்படலம் முடிந்து உள்மணி தொடங்குமிடத்தில் ஒரு கரிய கோடு வளையமாய்த் தெரியுமாயின், அது வளர்ப்பு முத்தின் அடையாளம். இருண்ட அறையில் சிறிய டோர்ச் விளக்கின் முன் முத்தை மெதுவாக உருட்டும்போது, உள்ளே பட்டை பட்டையாக நிழலோடினாலும் அவ்வாறே கொள்ளலாம். பட்டை தெரியவில்லை என்பதால் மட்டும் இயற்கை முத்தென்று முடிவு செய்யலாகாது. தடித்த படலம் அதனை மறைத்துவிடும்.

நான்காவது, நகையின் வயது. உருண்டையான வளர்ப்பு முத்து முதலாம் உலகப் போருக்கு முன் சந்தையில் இல்லை. அதற்கு முன்பே கோக்கப்பட்டு, அன்றுதொட்டு அவிழ்க்கப்படாத மாலை என்பதற்குப் பழைய நிழற்படமோ உறுதிப் பத்திரமோ இருப்பின், அது வலுவான சான்று.

ஓர் எச்சரிக்கை. முத்தை வினாகிரியில் இட்டுச் சோதிக்கலாம் எனச் சிலர் கூறுவர். இயற்கை முத்தும் சுண்ணாம்புப் பொருளாகையால் புளிப்பிற் கரையும். சோதனை முடியும்போது சொத்தும் கெட்டிருக்கும்.

ஆய்வுகூடத்தின் தீர்ப்பு

இவையெல்லாம் ஐயத்தை எழுப்ப உதவுமேயன்றி, முடிவு கூற மாட்டா. 1920களில் பாரிஸ் நகரில், துளைக்குள் செலுத்தும் நுண்ணிய ஊசியும் அதன் முனையில் சிறு கண்ணாடிகளும் கொண்ட ஒரு கருவியை அமைத்தனர். இயற்கை முத்தில் ஒளி வட்டப் படலத்தைச் சுற்றி மீண்டுவரும். வளர்ப்பு முத்தில் நேரடுக்கு வழியே வெளியே பாயும். இந்நாளில் எக்ஸ் கதிர்ப் படமே நம்பத்தக்க தீர்ப்பு. மாலையைப் பெருந்தொகைக்கு விற்குமுன்னோ வாங்குமுன்னோ, முத்துக்கு எக்ஸ் கதிர்ச் சோதனை செய்யும் ஆய்வுகூடத்தின் அத்தாட்சியைப் பெறுவது அறிவுடைமை.

பெயர்தான் பொய்

மூரானோத் தீவின் இத்தாலியக் கண்ணாடிப் பாண்டங்களென்று பலர் பேணிவரும் பொருட்களுள் யப்பானியத் தொழிற்சாலைகளில் உருவானவை சில உள. ஒட்டியிருந்த காகிதச் சீட்டு உதிர்ந்ததும், புகழ்பெற்ற ஊரின் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. முத்துக்கும் நேர்ந்தது அதுவே. யப்பானியர் வளர்த்த முத்து போலியன்று. பொறுமையாலும் அறிவாலும் பெற்ற அரிய செல்வம். அதனை "மன்னார் முத்து" என்று சொல்லும்போதுதான் பொய் பிறக்கிறது. நம் சிப்பியிலும் அவ்வித்தை பலித்தது: 1973இல் தூத்துக்குடியிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் மன்னார் வளைகுடாச் சிப்பியிலேயே வளர்ப்பு முத்து விளைவிக்கப்பட்டது.

1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, முசலிக் குடும்பங்களும் வீடு வாசலைத் துறந்து சென்றன. 2009க்குப் பின்னரே பலர் மீண்டனர். அத்தகைய ஒரு குடும்பத்தில் மூதாதையரின் முத்தொன்று எஞ்சியிருக்குமாயின், அது எக்கடலிற் பிறந்தது என்னும் வினா விலையைப் பற்றியது மாத்திரமன்று. தம் கரையின் நினைவைப் பற்றியதுமாகும். அந்நினைவுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, முத்தை அதன் மெய்ப்பெயரால் அழைப்பதே. அரிப்பு முத்தாயின் அரிப்பு முத்தென்போம். யப்பான் முத்தாயின் யப்பான் முத்தென்றே சொல்லி அணிவோம்.