உஷார்! பட்டறையில் கட்டிய விமானத்தில் ஏறாதீர்கள்

2021 ஆகஸ்ட். மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம், புல்சாவங்கி கிராமம். எட்டாவதோடு படிப்பை விட்ட 24 வயது வெல்டர் ஒருவர், தானே கட்டிய ஹெலிகாப்டரைத் தரையில் வைத்து முடுக்கிப் பார்த்தார். வால் விசிறி உடைந்து மேல் விசிறியில் மோத, அதன் இறக்கை அவர் தலையைத் தாக்கியது. பிழைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி, காக்களூர் பட்டறைத் தம்பிகளே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். லேத்தும் வெல்டிங்கும் கைவந்தவர்களுக்குத்தான் இந்த ஆசை முதலில் வரும். ஆசை தப்பில்லை. மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ் 1910-லேயே சிம்சன் கம்பெனியில் விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்து காட்டிய ஊர் நம்முடையது. உங்கள் கைவேலையை நம்புகிறேன். கடையில் எடைபோட்டு வாங்கும் போல்ட்டைத்தான் நம்ப முடியவில்லை.

பாலத்துக்குப் போகும் கம்பிக்கே ஹீட் நம்பர், டெஸ்ட் சர்டிபிகேட் எல்லாம் கேட்கிறார்கள். சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலுக்குப் போடும் அலுமினிய செக்‌ஷன் பெரும்பாலும் 6063 ரகம். விமானச் சட்டகத்துக்கு 6061-டி6 போல, அதைவிடப் பலமான ரகம் வேண்டும். அதிலும் வெல்டிங் வைத்தால், ஒட்டின இடத்தை ஒட்டிப் பலம் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். அதனால்தான் ரிவெட் அடிக்கிறார்கள். வெல்டிங் வைத்த இடம் மேலே பார்த்தால் மினுமினுவென்று இருக்கும். இன்ஜின் அதிர அதிர, கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் வளர்ந்துகொண்டே போகும்.

நல்ல சாமான், நல்ல வரைபடம் இருந்தால் போதும் என்பவர்களும் கேளுங்கள். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12-ல் கலிபோர்னியக் கடலில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டியது இன்னொருவர் கட்டிய லாங்-ஈசி விமானம். கட்டியவர் எரிபொருள் வால்வை வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதைத் திருக உடம்பையே திருப்ப வேண்டும். திரும்பியபோது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கலாம் என்றது விசாரணை. ஒரே ஒரு வால்வு!

நம் தலைக்கு மேல் இருப்பதும் சாதாரண வானமல்ல. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா, மேற்கே அரக்கோணம் கடற்படைத் தளம், தெற்கே மீனம்பாக்கம். சோழவரத்துப் பழைய ஓடுதளத்தை நினைத்து மனசை அலையவிடாதீர்கள். விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ தரும் பதிவு எண், பறக்கும் அனுமதி, ஓட்டுபவருக்கு லைசென்ஸ், மூன்றும் வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய அமோல் யாதவ் தொழில்முறை விமானி. பல ஆண்டுகள் அலைந்து 2017-ல்தான் அவருக்கே பதிவு கிடைத்தது.

உங்கள் ஷெட்டில் பாதி கட்டின வண்டி நின்றால், இன்றே விசிறியைக் கழற்றித் தனியே வையுங்கள். விமான இன்ஜினியர் ஒருவர் வந்து ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்கும்வரை இன்ஜினை முடுக்காதீர்கள். புல்சாவங்கியில் உயிர் போனது தரையில்தான்.