சமையலைப் புதிதாகக் கற்போர் இணையத்தில் எதை நம்பலாம்?

சமையலறைக்குள் முதன்முதலாக நுழைபவர் இளைஞராகவே இருக்கவேண்டும் என்பதில்லை. படிப்பிற்காக வந்து பிறருடன் வீட்டைப் பகிர்ந்து வாழும் மாணவர், நாற்பது ஆண்டுகள் மனைவியின் கையால் உண்டு அவர் மறைந்தபின் தனித்துவிட்ட முதியவர், நீரிழிவு இருப்பதாக மருத்துவர் கூறியபின் கடைச் சாப்பாட்டைக் குறைக்க விரும்புபவர் எனப் பலரும் இன்று இணையத்தின் துணையுடனேயே சமைக்கப் பழகுகின்றனர். முன்னர் பக்கத்தில் நின்று “அடுப்பைக் குறை, இப்போது உப்புப் போடு” என்று சொல்ல ஒருவர் இருந்தார். அந்த இடத்தில் இப்போது கைபேசி இருக்கிறது. அதில் தோன்றுபவர் சரியானதையும் பிழையானதையும் ஒரே உறுதியான குரலில் சொல்வதால், எவரைப் பின்பற்றுவது என்று தெரிவுசெய்யும் பழக்கமே புதியவருக்கு முதலில் வேண்டும்.

நல்ல குறிப்பின் அடையாளங்கள்

திரையில் தெரியாதவற்றைச் சொல்லித் தருவதே தொடக்கநிலையாளருக்கு ஏற்ற குறிப்பு. பொருளின் நிறை, பாத்திரத்தின் அளவு, அடுப்பின் சூடு, நேரம், பதம் அறியும் அடையாளம் ஆகியவை அதில் இருக்கும். “வெங்காயத்தை வதக்கவும்” என்பது சமைக்கத் தெரிந்தவருக்கே போதுமானது. “மிதமான சூட்டில் 8 முதல் 10 நிமிடங்கள், ஓரங்கள் பொன்னிறமாகும்வரை வதக்கவும்” என்பதே தெரியாதவருக்கு உதவும். “தேவையான அளவு உப்பு” என்ற வரியும் அவ்வாறே. எவ்வளவு தேவை என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

ஒரு நிமிடத்திற்குள் முடியும் காணொளிகளில் காத்திருக்கும் நேரம் முழுவதும் வெட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்துச் சமைப்பவர் பருப்பு வேகுமுன்னரே தேங்காய்ப் பாலை ஊற்றிவிடுவார். பெரும் புகழ்பெற்ற சேனல்கள் எல்லாம் கற்பதற்கு உரியவையும் அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைப் பெற்றது. அதைப் பார்ப்பது பேரின்பம். ஆயினும் திறந்தவெளியில் விறகடுப்பில் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைப்பவரின் முறை, அடுக்குமாடி வீட்டில் ஒருவருக்குச் சமைப்பவருக்குப் பயன்படாது.

இந்நாட்டில் கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள் ‘பிபிசி ஃபூட்’ இணையத்தளம் நல்ல தொடக்கமாகும். அடிப்படை நுட்பங்கள் அங்கு தனியாக விளக்கப்பட்டுள்ளன. டெலியா ஸ்மித் 1998இல் பிபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய சமையல் தொடர் முட்டை அவிப்பதிலிருந்து ஆரம்பித்தது. அதை ஏளனம் செய்தவர்களும் இருந்தனர். ஆனால் முட்டை அவிக்கத் தெரியாதவருக்கு அதைச் சொல்லித் தர வேறு எவர் முன்வந்தார்? ‘டெலியா ஒன்லைன்’ தளத்தில் அத்தகைய அடிப்படைப் பாடங்களைக் காணலாம்.

தமிழில் கற்க விரும்புவோர், விரும்பிய ஒருவரைத் தெரிந்துகொண்டு அவரது குறிப்பையே பின்பற்றி ஒரே கறியை மூன்று முறை சமைத்துப் பார்ப்பது நன்று. ஐந்து காணொளிகளிலிருந்து ஐந்து வழிகளைக் கலந்து செய்தால், எது பிழைத்தது என்பதைக் கண்டறிய முடியாது. பருப்புக் கறி இதற்கு மிகவும் ஏற்றது. அதன் செலவு குறைவு, கெட்டுப்போவதும் அரிது.

அளவுகளும் பெயர்களும்

ஒரே சொல் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தருவதை அறியாமல் பலர் தம்மையே குறைசொல்லிக்கொள்கின்றனர். அமெரிக்கக் குறிப்பில் ‘கப்’ என்பது ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். அவுஸ்திரேலியாவில் அது 250. மேசைக்கரண்டி இங்கு 15 மில்லிலீற்றர், அவுஸ்திரேலியாவில் 20. தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். ஆங்கிலத்தில் இவ்விரு கரண்டிகளுக்கும் எழுதப்படும் குறுக்கங்கள் ஓரெழுத்தால் மட்டுமே வேறுபடுவதால், அவசரத்தில் வாசிப்பவர் மூன்று மடங்கு உப்பைப் போட்டுவிடலாம். ஓவனின் சூட்டை அமெரிக்கர் பரனைட்டில் குறிப்பர். 350 பாகை பரனைட் என்பது ஏறத்தாழ 180 பாகை செல்சியஸ். காற்றாடி உள்ள ஓவனில் இதனை 20 பாகை குறைத்து 160இல் வைக்க வேண்டும். பத்துப் பவுண் அளவில் கிடைக்கும் சிறு மின்தராசு இக்குழப்பங்களில் பாதியைத் தீர்த்துவிடும்.

மிளகாய்த் தூள் இன்னொரு பொறி. அமெரிக்கக் குறிப்புகளில் அப்பெயரில் வருவது சீரகம், உள்ளி, ஓரிகானோ முதலியன கலந்த, காரம் குறைந்த தூளாகும். அதில் இரண்டு மேசைக்கரண்டி போடச் சொல்லியிருப்பதைப் பார்த்து நமது கடைகளில் விற்கும் தனி மிளகாய்த் தூளைப் போட்டால் அதனை எவரும் உண்ண முடியாது. கறித்தூளின் நிலையும் இதுவே. யாழ்ப்பாணக் கறித்தூளில் வறுத்த மிளகாய் சேர்ந்திருக்கும். பிரித்தானியப் பேரங்காடிகளில் அப்பெயரில் விற்கப்படுவதில் மஞ்சளே மேலோங்கும்.

பாதுகாப்பு பற்றிய கேள்விகள்

சுவை பற்றி எவரிடமும் கேட்கலாம். உணவு நஞ்சாதல், தீ, நோய் ஆகியவை பற்றிய கேள்விகளைப் பொறுப்புள்ள பொது அமைப்புகளிடமே கேட்க வேண்டும். உணவுத் தர முகாமையின் இணையத்தளமும் தேசிய சுகாதார சேவையின் இணையத்தளமும் இதற்கு உரியவை. நம் வீடுகளில் வழிவழியாக வந்த சில பழக்கங்களை இவை மறுக்கின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

கோழி இறைச்சியை மஞ்சளும் உப்பும் இட்டுக் கழுவுவதைத் தமிழ்க் காணொளிகள் பெரும்பாலும் முதற்படியாகக் காட்டுகின்றன. பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்பது உணவுத் தர முகாமையின் அறிவுரை. குழாய் நீர் தெறிக்கும்போது கிருமிகள் கைகளிலும் தொட்டியிலும் அருகிலுள்ள பாத்திரங்களிலும் பரவுகின்றன. அவற்றை அழிப்பது வெப்பமே. இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸில் 2 நிமிடங்கள் இருக்க வேண்டும். மஞ்சள் வேண்டுவோர் அதைக் கழுவாமலே பூசி ஊறவைக்கலாம்.

சோறு பற்றியும் கவனம் தேவை. அரிசியில் உள்ள பசிலஸ் செரியஸ் என்னும் பக்டீரியாவின் வித்திகள் கொதிநிலையிலும் அழிவதில்லை. சோற்றை அடுப்பிலேயே இரவு முழுவதும் விட்டால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுநாள் சூடாக்கினாலும் அந்த நஞ்சு நீங்காது. எஞ்சிய சோற்றை இயன்றவரை ஒரு மணி நேரத்திற்குள் ஆறவைத்து, 5 பாகை அல்லது அதற்குக் குறைவான சூட்டில் இயங்கும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒரு நாளுக்குள், ஒரு முறை மட்டும், ஆவி பறக்கச் சூடாக்கி உண்ண வேண்டும். பழஞ்சோற்றின் பெருமையைப் பாடும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை.

சிவப்பு கிட்னி பீன்ஸை உலர்ந்த நிலையில் வாங்குவோர் அதனை இரவு ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, புதுநீரில் 10 நிமிடங்களேனும் நன்கு கொதிக்கவைத்த பின்னரே மெதுவாக வேகவிட வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடுவது ஆபத்தானது. தகரத்தில் வருவது ஏற்கனவே வெந்தது.

வடையோ றோல்ஸோ பொரிக்கும்போது பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்றலாகாது. எண்ணெய் தீப்பற்றினால் அதன்மீது ஒருபோதும் நீர் ஊற்றக் கூடாது. பாத்திரத்தைத் தூக்கவும் கூடாது. பாதுகாப்பாக முடிந்தால் மட்டும் அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி 999ஐ அழைக்க வேண்டும்.

விருந்தினருக்குச் சமைப்பவர் ஒவ்வாமை பற்றிக் கேட்டறிய வேண்டும். இந்நாட்டுச் சட்டம் குறிப்பிடும் 14 ஒவ்வாமைப் பொருள்களுள் கடுகும் எள்ளும் அடங்கும். தாளிப்பும் நல்லெண்ணெயும் இல்லாத தமிழ்ச் சமையலறை அரிது.

பேசுபவரின் நலன்

சாட்சி சொல்பவருக்கு வழக்கில் நலன் உண்டா என்று கேட்பது நீதிமன்ற வழக்கம். சமையல் காணொளிக்கும் அக்கேள்வி பொருந்தும். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒரு தூளையோ பாத்திரத்தையோ பரிந்துரைப்பவர், அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது ஐக்கிய இராச்சியத்தின் விளம்பர விதி. வெளிநாட்டுச் சேனல்களில் அந்த அடையாளத்தை எதிர்பார்க்க முடியாது.

இதைவிடப் பாரதூரமானவை, ஒரு சாறு நீரிழிவைக் குணமாக்கும் எனக் கூறும் காணொளிகள். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே கேடாகலாம். ‘டயபெட்டிஸ் யூகே’, ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்’ ஆகிய அறக்கட்டளைகளின் தளங்களில் தெற்காசிய உணவுகளுக்கான குறிப்புகளும், ஒவ்வொரு பங்கிலும் உள்ள சத்துகளின் அளவும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மருந்து உட்கொள்பவர்கள் உணவில் பெரிய மாற்றம் செய்யுமுன் தமது குடும்ப மருத்துவரிடம் அல்லது உணவியலாளரிடம் பேச வேண்டும்.

வீட்டில் கணினியோ இணைய இணைப்போ இல்லாதோர் கவுன்சில் நூலகங்களை நாடலாம். நூலக அட்டை பெறுவதற்குக் கட்டணம் இல்லை. சமையல் நூல்களை இரவல் பெறலாம். மின்னூல்களைக் கைபேசியிலேயே வாசிக்கும் வழியையும் பணியாளர்கள் காட்டித்தருவர். கைபேசியை அடுப்பருகில் வைத்துக்கொண்டு வாசிக்கச் சிரமப்படும் முதியோர், தெரிவுசெய்த குறிப்பை அங்கே பெரிய எழுத்தில் அச்சிட்டு எடுத்துச் செல்வது நல்லது.