இளவேனிற் பனியிற் கயிலை வலம்

பெரிய புராணத்தில் அப்பரடிகள் கயிலைக்குச் சென்ற பகுதியைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, குளிர்காலம் கழிந்தபின், சித்திரை வைகாசியிற் சென்றால் அங்கே பனி இராதன்றோ? பின்னர் நடப்பதில் வருத்தம் யாது?” என்று வினவினான். பனிக்கட்டியைக் குளிர்பானக் கடையிலன்றி வேறெங்கும் கண்டறியாத நம்மிடையே அவ்வினா எழுதல் இயல்பே. அவனுக்கும் ஏனையோர்க்கும் இம்மலர் வாயிலாக விடை கூற விழைகின்றேன்.

நமக்கு இளவேனில் என்பது வேம்பு பூக்குங் காலம். மேற்குத் திபெத்திலோ, மாரியிற் பெய்த பனி அப்பொழுதும் கணவாய்களிற் கரையாது கிடக்கும். கயிலை 6,638 மீற்றர் உயரமுடையது. நம் நாட்டின் மிகவுயர்ந்த பீதுருதாலகாலையோ 2,524 மீற்றரே. இந்துக்களும் பௌத்தரும் சமணரும் பொன் சமயத்தவரும் புனிதமெனப் போற்றும் அம்மலையின் உச்சியில் ஏறுதல் மரபன்று. வலம் வருதலே மரபு. வழி ஏறத்தாழ 52 கிலோமீற்றர். தார்ச்சென் என்னும் ஊரிலிருந்து புறப்படுவோர் முதல்நாள் மலையின் வடபால் உள்ள திராபுக்கில் தங்குவர். மறுநாள் 5,630 மீற்றர் அளவு உயர்ந்த தோல்மா கணவாயைக் கடந்து, கௌரி குண்டத்தருகே இறங்குவர். மூன்றாம் நாள் தார்ச்சென் மீள்வர். மே அல்லது யூன் மாதத்தில் வரும் சாகா தாவா என்னும் பௌர்ணமியில் யாத்திரிகர் பெருந்தொகையினராகக் கூடுவர்.

இளவேனிற் பனியின் இயல்பு காலையில் ஒன்று, நண்பகலில் வேறொன்று. இரவிற் குளிரால் இறுகிய பனிப்பரப்பு விடியலில் ஆளைத் தாங்கும். ஆயினும் கால் வழுக்கும். ஆதலால் பாதணியின் அடியிற் கட்டும் இரும்பு முள்ளும் ஊன்றுகோலும் வேண்டும். வெயில் ஏறியபின் அதே பனி நெகிழ்ந்து முழங்காலளவு புதைக்கும். செங்குத்தான சரிவுகளிற் பெயர்ந்து விழவும் கூடும். எனவே விடியுமுன் புறப்பட்டு, நண்பகலுக்கு முன் கணவாயைக் கடத்தல் வேண்டும். பிந்திப் புறப்பட்டவனை வலிமை காவாது.

இரண்டாவது இடர் காற்றின் மென்மை. அவ்வுயரத்திற் காற்றமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் ஏறத்தாழ அரைப்பங்கே. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்பன உடல் விடுக்கும் முதல் எச்சரிக்கைகள். அவற்றைப் பொருட்படுத்தாது மேலேறின் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதியாகலாம். 3,000 மீற்றருக்கு மேல், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மேல் உயராதிருத்தலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்ந்திருத்தலும் நன்று. நோய் முற்றின் தாமதியாது கீழிறங்குதலே தலையாய மருந்து.

மூன்றாவது, ஒளி. புதிய பனி தன்மேல் விழும் புறஊதாக் கதிரில் நூற்றுக்கு எண்பது வரை திருப்பியெறியும். கருங்கண்ணாடி அணியாதவன் கண்ணில் மணல் பட்டாற் போன்ற வேதனை சில மணி நேரம் கழித்தே தோன்றும். மேகம் மூடிய நாளிலும் இவ்வாபத்து நீங்காது.

இவை யாவற்றையும் அறிந்தவர்க்கும் அரியது ஒன்றுண்டு. அது கணவாய் கண்ணெதிரே தோன்றுகையில் திரும்பி நடத்தல். பொருளும் நாளும் செலவிட்டு வந்தோமே என்னும் எண்ணமே பலரை மேலே தள்ளுகின்றது. இவ்விடத்தில் அப்பரடிகளை நினைத்தல் தகும். கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் சென்ற அவர், முனிவர் வடிவில் வந்த இறைவன் தடுத்தபோது, மீளேன் என மறுத்தார். ஆயினும் இறைவன் ஆணை வானிலெழுந்ததும் பணிந்து பொய்கையில் மூழ்கினார். திருவையாற்றிலெழுந்து கயிலைக் காட்சி கண்டார் என்பது சேக்கிழார் கூறும் வரலாறு. மீளேன் என்ற உறுதியும், ஆணை வந்துழி மீண்ட பணிவும் ஒருவரிடத்தே நின்றமை நோக்கத்தக்கது.

ஆகவே, வினவிய மாணவனுக்கு நான் கூறும் விடை இது: சித்திரையிலும் அங்கே பனி உண்டு, வைகாசியிலும் உண்டு. செல்லும் நாள் வாய்ப்பின் உறுதியோடு செல்க. பனியோ உடலோ “மீள்க” என்னுமாயின், அதனையும் ஓர் ஆணையாகக் கொண்டு மீள்க. மலை அங்கேயே இருக்கும். மறுமுறை செல்ல நீ இருத்தல் வேண்டும்.